பனையேறிக் கெண்டை: ஒரு சாட்சியத்தின் சரித்திரம்

1

லண்டன் லின்னேயன் சொசைட்டி 1797இல் வெளியிட்ட மூன்றாம் தொகுதியில், தரங்கம்பாடியிலிருந்து போன சிறு குறிப்பு ஒன்று அச்சாகியிருக்கிறது. எழுதியவர் டால்டார்ஃப். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியில் லெப்டினென்ட். பூச்சிகளும் நண்டுகளும் சேகரிப்பதில் மோகம் கொண்டவர். குறிப்பைச் சங்கத்தில் சேர்ப்பித்தவர் சர் ஜோசப் பேங்க்ஸ். அப்போது ராயல் சொசைட்டியின் தலைவர் அவர்தான்.

விஷயம் இவ்வளவே. 1791 நவம்பரில், ஒரு குளத்தை ஒட்டி நின்ற பனைமரத்தின் வெடிப்பில், சுமார் ஐந்தடி உயரத்தில், ஒரு மீனை டால்டார்ஃப் பார்க்கிறார். அது இன்னும் மேலே போக முயன்றுகொண்டிருக்கிறது. முள் வரிசை கொண்ட செவுள் மூடியை விரித்து மரத்தில் மாட்டிக்கொள்கிறது. வாலை வளைத்து, அடித்துடுப்பின் முட்களைப் பட்டையில் ஊன்றுகிறது. உடம்பை நீட்டி, செவுளை விடுவித்து, சற்று மேலே மறுபடி மாட்டிக்கொள்கிறது. அவர் கையை நீட்டிப் பிடித்துவிட்டார். மீனின் பயணம் அத்தோடு முடிந்தது.

ஒரு மீன், ஒரு மரம், ஒரு கை. இதற்கு மேல் ஆதாரம் கிடையாது. ஆனால் இந்த ஒரு தடவை கண்டது இருநூறு வருஷங்களுக்கு மேலாகப் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. டால்டார்ஃப் அந்த மீனுக்கு வைத்த லத்தீன் பெயரின் பிற்பகுதிக்கு ‘ஏறுவது’ என்று அர்த்தம். பிறகு பாரிஸில் குவியே அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, ‘அனபாஸ்’ என்று கிரேக்கப் பெயர் கொடுத்தார். 1816இல் அச்சேறிய அந்தப் பெயருக்கும் ‘மேலே போவது’ என்றுதான் பொருள். இன்று அதன் முழு விஞ்ஞானப் பெயர் அனபாஸ் டெஸ்டுடினியஸ். பின்பாதி, 1792இல் பெர்லினில் ப்ளோக் கொடுத்தது. முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி டால்டார்ஃபின் பெயர் கழிந்துவிட்டது. ஏறுதல் மட்டும் கிரேக்கத்தில் மிஞ்சியது.

தமிழில் அந்த மீனுக்குப் பனையேறி என்று பெயர். பனையேறிக் கெண்டை என்றும் சொல்வார்கள். உண்மையில் அது கெண்டை இனமே அல்ல. அது வேறு விஷயம்.

தமிழிலிருந்த ‘ஏறி’ லத்தீனாகி, கிரேக்கமாகியது. வழியில் பனை உதிர்ந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்தப் பனையைப் பற்றியது.

2

டால்டார்ஃப் தனியாள் அல்ல. அவர் காலத்துத் தரங்கம்பாடி ஒரு சிறு கடற்கரைக் கோட்டை ஊர். 1620இலிருந்து டேனிஷ்காரர்கள் வசம்; 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. 1706இல் ஸீகன்பால்கும் ப்ளூட்சோவும் வந்து இறங்கிய மிஷன் அங்கே இருந்தது. தமிழ் அச்சின் கதையில் அந்த ஊரை நாம் நினைவு வைத்திருக்கிறோம். இயற்கை விஞ்ஞானத்தின் கதையில் அதற்குள்ள இடத்தை அநேகமாக மறந்துவிட்டோம்.

1768இல் மிஷனுக்கு வைத்தியராக வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக், உப்சாலாவில் லின்னேயஸிடம் நேரே படித்தவர். பின்னால் ஆற்காடு நவாப்பிடமும், அதன் பின் ஆங்கிலக் கம்பெனியிடமும் உத்தியோகம் பார்த்து 1785இல் இறந்தார். லின்னேயஸின் இரட்டைப் பெயர் முறை சோழ மண்டலக் கரையில் ஒரு பழக்கமாகவே ஆனது இவரால்தான். 1771இல் வந்தவர் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். பள்ளிக்கூடங்கள் நடத்தினார், தோட்டம் போட்டார், சங்குகளும் மீன்களும் சேர்த்தார். 1813இல் சாகும்வரை இந்த மண்ணிலேயே இருந்தார்.

ஜான் மீன்களைச் சாராயத்தில் போட்டு பெர்லினுக்கு அனுப்பினார். அங்கே அவற்றைப் பெற்றுக்கொண்டவர் மார்க்கஸ் எலியேசர் ப்ளோக் என்ற யூத வைத்தியர். அயல்நாட்டு மீன்களைப் பற்றி வண்ணப் படங்களோடு ப்ளோக் வெளியிட்ட பெரும் தொகுதிகளில் நமது கரையின் மீன்கள் பல இருக்கின்றன. கத்தாளை மீன்களின் ஒரு பேரினத்துக்கு 1793இல் அவர் இட்ட பெயர் ஜோனியஸ், ஜானின் நினைவாக. விராலையும் குறவையையும் விஞ்ஞானப் பெயரோடு வர்ணித்ததும் அதே வருஷம்தான். 1801இல் பிரெஞ்சுக்காரர் லாசெபேட் இந்த இரண்டுக்கும் வேறு பெயர்கள் கொடுத்தார். ஒன்றின் பின்பாதி ‘வ்ரால்’; மற்றதன் பின்பாதி ‘கர்ருவே’. உரக்கப் படித்துப் பார்த்தால் விராலும் குறவையும் என்று தெரியும். ஆனால் ப்ளோக்கின் பெயர்கள் முந்தியவை. அதனால் இந்தத் தமிழ்ச் சொற்கள் இன்று செல்லாப் பெயர்களின் பட்டியலில், நிபுணர்கள் மட்டும் புரட்டும் பக்கங்களில் கிடக்கின்றன.

இன்னொரு தகவல் நம்மவர்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கும். கல்கத்தாவில் 1801இல் வந்த ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் ஏழாம் தொகுதியில் ஔவையாரின் வாழ்க்கையையும் நூல்களையும் பற்றி ஒரு கட்டுரை உண்டு. எழுதியவர் இதே ஜான். மீனை ஜாடியில் அடைத்த கைதான் ஆத்திசூடியை ஆங்கிலத்துக்கு அனுப்பியது. அந்தக் காலத்து ஆசாமிகளுக்கு இலக்கியமும் விலங்கியலும் தனித்தனி அறைகளாக இருக்கவில்லை. பிரித்துச் சுவர் எழுப்பியது பின்னால் வந்த கல்வி. நாம் அந்தச் சுவரின் நிழலில் வளர்ந்தவர்கள்.

பனையேறி என்ற பெயரையும், அது செவுள் முள்ளை ஊன்றி மரம் ஏறும் என்ற செய்தியையும் ப்ளோக்குக்குச் சொன்னவரும் ஜான்தான். ஆக, ஐரோப்பாவின் முன்னால் இரண்டு சாட்சிகள். ஒருவர் பட்டாளத்துக்காரர், மற்றவர் பாதிரியார். இருவரும் ஒரே ஊர்.

3

சந்தேகம் சீக்கிரமே வந்தது.

குவியே தமது பெரிய மீன் சரித்திரத்தின் ஏழாம் தொகுதியில், 1831இல், இந்த இனத்தை விரிவாக எழுதினார். மீனின் தலைக்குள், செவுளுக்கு மேலே, மெல்லிய எலும்புத் தகடுகள் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு ஒரு புதிர்ப்பாதை போல் இருப்பதை அவர் நுட்பமாக ஆராய்ந்தார். அதை என்னவென்று நினைத்தார்? தண்ணீர் சேமிக்கும் பை என்று. தரையில் போகும்போது அதிலிருந்து நீர் கசிந்து செவுளை நனைக்கும் என்று. அவர் கையிலிருந்தவை சாராயத்தில் விறைத்த மீன்கள். அறுத்துப் பார்ப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. ஆனால் உயிருள்ள மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறப்பதைப் பார்க்கும் வாய்ப்பு பாரிஸில் இல்லை. ஏதேனும் ஒரு கிராமத்துப் பையன் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

இலங்கையில் காலனி அரசுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் இந்த மீன் தரைமேல் ஊர்ந்து போவதை ஏற்றுக்கொள்கிறார். அதற்குக் கண்ணால் கண்டவர்கள் பலர். மரமேறுவதில்தான் அவருக்குச் சங்கடம். அவருடைய கேள்விகள் நியாயமானவை. பக்கத்திலேயே குளம் இருக்கும்போது ஈரத்துக்காக மரமேற வேண்டியதில்லை. அதன் இரை நீரில் இருக்கிறது, பனையில் இல்லை. ஏறிய மீன் எப்படி இறங்கும்? டால்டார்ஃப் கண்டது தற்செயல். அதை வழக்கமாகக் கொள்ளக்கூடாது என்ற அளவில் அவர் நிற்கிறார்.

1927இல் வசந்தகுமார் தாஸ் என்ற இந்திய விலங்கியலாளர், காற்றைச் சுவாசிக்கும் மீன்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார். அவர் கண்ட முடிவு: மரத்தில் மீன் கிடப்பது உண்டு, ஆனால் அது ஏறிப் போனதல்ல. தரையில் ஊர்ந்து போகும்போது காக்கையும் பருந்தும் கொத்திக் கொண்டுபோய்க் கிளை இடுக்கிலோ மட்டை இடுக்கிலோ போடுகின்றன. சட்டென்று சாகாத மீன் ஆகையால், பார்ப்பவனுக்கு உயிரோடு மரத்தில் இருக்கும். பார்த்தவன் தானே ஏறியது என்று நினைத்துக்கொள்கிறான்.

இது அழகான விளக்கம். ஒரு கதையை மறுத்து, அந்தக் கதை ஏன் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது. பெரும்பாலான நூல்கள் இதையே இன்று சொல்கின்றன. ஆனால் டால்டார்ஃப் கண்டது மட்டை இடுக்கில் கிடந்த மீன் அல்ல. அடிமரத்தில் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மீன். தாஸின் விளக்கம் பெயரை விளக்குகிறது. லெப்டினென்டை விளக்கவில்லை.

4

இப்போது நாம் நிச்சயமாக அறிந்தவை எவை?

குவியே நீர்ப்பை என்று எண்ணியது காற்றறை. அந்த மடிப்புகளின் மேல் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. மீன் மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி அதில் நிரப்பிக்கொள்கிறது. இது ஆபத்துக்கு உதவும் உபாயம் மாத்திரமல்ல, அன்றாடத் தேவை. மேலே வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் செத்தது என்று எழுதினால் புதுக்கவிதை என்பார்கள். இங்கே அது வெறும் உண்மை.

கோடையில் கலங்கி நாறும் குட்டையில், மற்ற மீன்கள் செத்து மிதக்கும்போதும் இது இருப்பதற்குக் காரணம் இதுதான். உடம்பு ஈரமாக இருந்தால் நீருக்கு வெளியே பல மணி நேரம், தோதான நிலையில் நாட்கணக்கிலும் பிழைக்கும். வங்காளத்தில் இதற்குக் கோய் என்று பெயர்; எளிதில் போகாத உயிரைக் ‘கோய் மீனின் உயிர்’ என்பது அங்கே வழக்கு. சிங்களத்தில் காவையா. இந்தப் பெயர்களில் பனை இல்லை. பனையைச் சொல்வது தமிழ்.

தரையில் அது போகும் விதம் டால்டார்ஃப் எழுதியதேதான். செவுள் மூடியை விரித்து முள்ளை மண்ணில் ஊன்றுகிறது, வாலால் உந்துகிறது, ஊன்றியதை எடுத்து மறுபடி ஊன்றுகிறது. பெரும்பாலும் மழையின்போது, அல்லது மழை விட்ட ஈரத்தில். இந்த விவரத்தை அவர் சரியாகவே பார்த்திருக்கிறார். சாய்வு மாத்திரம்தான் வித்தியாசம். தரைக்குப் பதில் மரம்.

இந்தத் திறன் எங்கெல்லாம் கொண்டுசேர்க்கும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று. நியூகினிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலுள்ள டோரஸ் ஜலசந்தியில், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான போய்கு, சைபாய் தீவுகளுக்கு இம்மீன் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்துசேர்ந்துவிட்டது. விழுங்க வரும் பெரிய மீனுக்கும் பறவைக்கும் செவுள் முள் தொண்டையில் சிக்கும் என்பது அங்குள்ளவர்களின் கவலை. நமது வயல்வாய்க்காலில் ரசத்துக்குக்கூட மதிக்காமல் விட்ட மீன், அங்கே எல்லைக் காவலுக்குரிய விஷயம்.

5

இனி நம் விவகாரம்.

இந்த மாதிரிப் பெயரைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடையே இரண்டு விதமான எதிர்வினைகள்தான் உண்டு. ஒன்று: வெள்ளைக்காரன் கண்டுபிடிக்குமுன்பே தமிழன் அறிந்திருந்தான், பெயரிலேயே விஞ்ஞானம் இருக்கிறது. இரண்டு: பாமரனின் கற்பனை, மீனாவது மரமேறுவதாவது. முதலாவது மேடையில் கைதட்டல் வாங்கும். இரண்டாவது கல்லூரி வகுப்பில் மரியாதை வாங்கும். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இரண்டு பேரும் மழையில் நனையத் தயாரில்லை.

பெயர் என்பது ருசு அல்ல. எவரோ ஒருவர் எப்போதோ பார்த்ததன் அல்லது பார்த்ததாக நினைத்ததன் எச்சம் அது. பார்த்தவர் போய்விட்டார்; பார்த்த சந்தர்ப்பம் போய்விட்டது; சொல் தங்கிவிட்டது. அதைச் சாட்சியாகக் கூப்பிடலாம். ஆனால் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அந்த விசாரணையை நாம் செய்வதில்லை. பெருமைப்படுகிறோம், அல்லது வெட்கப்படுகிறோம்.

விசாரித்தால் முதலில் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. ஐரோப்பாவுக்கு இரண்டு சாட்சிகள் என்றேன். உண்மையில் இரண்டுதானா? ஜான் மரமேறும் செய்தியைச் சொன்னது தாம் கண்டு அல்லாமல், தமிழ்ப் பெயரைக் கேட்டு என்றால், அவர் தனிச் சாட்சி அல்ல, பெயரின் எதிரொலி. டால்டார்ஃபும் அந்த ஊரில் இருந்தவர். பனையேறி என்ற சொல் மழையன்று அவர் குளத்தங்கரைக்குப் போவதற்கு முன்பே அவர் காதில் விழுந்திருக்கக்கூடும். பெயர் சொன்னதைத்தான் அவர் கண் பார்த்ததா? அல்லது பெயர் சொல்லியிராவிட்டால் பனையின் பக்கமே அவர் திரும்பியிருக்க மாட்டாரா? சொல் பார்வையைக் கெடுக்கும். சொல் இல்லாவிட்டால் பார்வையே இருக்காது. கவிதை பற்றி நாம் ஓயாமல் சர்ச்சை செய்கிற இந்த விஷயம், ஒரு மீன் விவகாரத்தில் இவ்வளவு துலக்கமாக நிற்கிறது.

இரண்டாவது, ‘ஏறு’ என்ற வினை. மரத்தில் ஏறுவதும் ஏறுவதுதான். மேட்டுக்குப் போவதும் ஏறுவதுதான். புதுவெள்ளம் வந்தால் வயலில் மீன் ஏறுகிறது என்கிறோம். கடையிலிருந்து தலைக்கு, தாழ்விலிருந்து மேட்டுக்கு, ஓடிவரும் நீருக்கு எதிராக. இது பனையேறிக்கு மட்டும் உரியதல்ல. மழையில் முட்டையிடப் போகும் பல மீன்களுக்கும் உரியது. நவம்பரில் தரங்கம்பாடியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். பனையின் தலையில் விழும் மழை மட்டைகளில் திரண்டு மரத்தின் வழியே ஓடையாக இறங்கும். ஓடும் நீரை எதிர்த்து ஏறுவதையே இயல்பாகக் கொண்ட மீனுக்கு, பனையின் அடியில் வழியும் நீரும் ஒரு வாய்க்கால்தான். இது என் ஊகம். ஆனால் டெனன்டின் ‘ஏன் ஏற வேண்டும்’ என்ற கேள்விக்கு இது ஒரு பதில். மீன் பனையில் எதையும் தேடிப் போகவில்லை. நீர் வந்த திசையில் போயிற்று. பாதை செங்குத்தாக இருந்தது அதன் துரதிர்ஷ்டம்.

கிரேக்கத்திலும் இதே இரட்டைப் பொருள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஸெனஃபன் எழுதிய படையெடுப்பு நூலின் பெயர் அனபாஸிஸ். அதில் எவரும் மரமேறவில்லை. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு, மேட்டுக்குப் போவதற்குத்தான் அந்தப் பெயர். குவியே மரத்தை நினைத்துப் பெயர் வைத்தார். சொல் அவரைவிட அகலமாக இருந்தது.

6

இந்தக் கதையில் சாட்சிக் கூண்டுக்கு வந்தவர்கள் ஒரு லெப்டினென்ட், ஒரு பாதிரியார், ஒரு பாரிஸ் நிபுணர், ஒரு காலனி அதிகாரி, ஒரு பேராசிரியர். கூப்பிடப்படாதவர் ஒருவர் உண்டு. தமிழில் பனையேறி என்ற பெயர் மீனுக்கு முன்பே ஒரு மனிதனுக்கு இருக்கிறது. பனையின் அடி, நடு, தலை மூன்றையும் தினம் இருவேளை நெஞ்சோடு அணைத்துப் பார்க்கிறவன் அவன்தான். பனையில் மீன் உண்டா என்று அவனை ஒருவரும் கேட்டதாக நான் படித்த எதிலும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்பு நான் கேட்டேன். எங்கள் பக்கத்தில் வெகுகாலம் மரமேறி, முழங்கால் போன பிறகு நிறுத்திவிட்ட பெரியவர் அவர். ஊத்தா குத்தி மீன் பிடித்த அனுபவமும் உண்டு.

“மரத்து மேல நா பாத்ததில்ல தம்பி,” என்றார். “மட்டையில நண்டு ஓடு கெடக்கும். மீன் தலை கெடக்கும். அதெல்லாம் காக்கா வேல.”

தாஸ் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

“ஏன், பனையேறின்னா மரத்து மேலதான் ஏறணுமா? எங்க நிக்கிது பன? வரப்புல, கொளத்தங்கரையில. அடமழையில அந்த மீன் தண்ணிய விட்டுப்புட்டு கரைக்கு ஏறும். பன நிக்கிற மேட்டுக்கு ஏறும். வெடியக்காலம் பனையடியில கெடக்கும், பொறுக்கியிருக்கோம். பனைக்கு ஏறுது, அதான் பனையேறி. அப்பறம் உங்க இஷ்டம்.”

இதுவும் ருசு அல்ல. அவரும் பெயரை வைத்துக்கொண்டு பின்னோக்கி யோசிக்கிறார். நான் செய்ததைப் போலவே. ஆனால் நூல்களில் நான் காணாத ஒரு விவரம் அவரிடம் இருந்தது. நமது பனைகள் காட்டில் நிற்பவை அல்ல. கரையைக் காக்க, வரப்பை அடையாளம் வைக்க, மேட்டில் வளர்ந்தவை. தண்ணீரிலிருந்து மேட்டுக்கு வரும் எதுவும் முதலில் பனையடிக்குத்தான் வந்துசேரும். டால்டார்ஃபின் மீனும் அங்கிருந்துதான் அந்த ஐந்தடியைத் தொடங்கியிருக்க வேண்டும்.

கிளம்பும்போது, அந்த மீன் இப்போதும் வருகிறதா என்று கேட்டேன்.

“மீன் வரும்,” என்றார். “கரையில பன எங்க இருக்கு?”

அவர் சொன்ன குளத்தங்கரையைப் போய்ப் பார்த்தேன். மூன்று மரங்கள் நிற்கின்றன. போதும். கார்த்திகையில் ஒரு நல்ல மழை இரவும் ஒரு டார்ச் விளக்கும் இருந்தால், 1791இல் தொடங்கிய வழக்கில் இன்னொரு சாட்சி சொல்லலாம். இரண்டு வருஷமாகப் போகிறேன். முதல் வருஷம் மழை இல்லை. போன வருஷம் மழை இருந்தது. கரையில் ஏழு மீன்கள் பார்த்தேன். ஏழும் மேட்டை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தன. மரத்தில் ஒன்றும் இல்லை.

இந்த வருஷமும் போவேன்.